நோய்க்குக் காரணம் கூறும் தமிழ்த் தொடர்கள்

‘காரணம்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இருவகை வழக்கு உண்டு. ‘மழைக்குக் காரணம் காற்றழுத்தத் தாழ்வு’ என்னும்போது அது இரு நிகழ்ச்சிகளின் தொடர்பை மட்டும் குறிக்கிறது. ‘இதற்கெல்லாம் நீதான் காரணம்’ என்னும்போது குற்றம் சாட்டுகிறது. நோய் பற்றிய பேச்சில் இவ்விரண்டும் எளிதில் மயங்குகின்றன. மனநோயுற்ற ஒருவரின் தாயிடம் ‘மகனின் நோய்க்கு என்ன காரணம்?’ என வினவினால், அதனைத் தம் வளர்ப்பின் மீதான ஐயமாகவே அவர் கொள்ளக்கூடும். ‘எதனால் வந்தது?’ என்னும் வினா அவ்வாறு உறுத்துவதில்லை. இவ்வேறுபாட்டின் இலக்கண அடிப்படையை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

நோயாளி தம் நோய்க்குத் தரும் விளக்கத்தை மருத்துவர் கேட்டறிய வேண்டும் என்று ஆர்தர் கிளைன்மன் 1970களின் இறுதியில் வலியுறுத்தி, அதற்கான வினாக்களையும் வகுத்தார். இவ்வகை வினாமுறை பெங்களூரிலும் பயன்பட்டது. ஆர். ரகுராம், மிட்சல் வெய்ஸ் முதலியோர் இந்நகரின் மனநலப் புறநோயாளர்களிடையே நிகழ்த்தி 1996இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு மிகுந்தோரிடம் இழிவுணர்ச்சியும் மிகுந்திருந்தது; உடல்வலியாக நோயை உணர்ந்தோரிடம் அது குறைந்திருந்தது. தலைவலியைப் பிறரிடம் சொல்லலாம்; துயரத்தைச் சொல்ல இயலாது. ஆகவே இத்தகைய நேர்காணலில் சொற்றேர்வு ஒரு நடைச்சிக்கல் மட்டுமன்று.

கட்டுரையாளர் வாழும் ஜோகுபாளையம் அல்சூரை அடுத்தது; தமிழும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் பகுதி. இங்குத் தமிழர்க்குச் சளி ‘பிடிக்கிறது’, காய்ச்சல் ‘அடிக்கிறது’, கண் ‘படுகிறது’. கன்னடத்தில் சளி ‘ஆகிறது’. நெகடி ஆகிதெ என்பர். தமிழ்த் தொடர்களில் நோயே எழுவாய். நோயாளி பெரும்பாலும் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறார். ‘அம்மை வார்த்திருக்கிறது’ என்பதில் அம்மை நோயா தெய்வமா என்பதை இலக்கணம் முடிவு செய்வதில்லை. பேசுவோரும் முடிவு செய்ய விரும்புவதில்லை. ‘கண் பட்டது’ என்பதிலும் எவருடைய கண் என்று கூற வேண்டுவதில்லை. இதற்கு நேர்மாறானது ‘கொள்’ என்னும் துணைவினை. ‘உடம்பைக் கெடுத்துக்கொண்டான்’, ‘வியாதியை வரவழைத்துக்கொண்டான்’ என்றவுடன் நோயாளி எழுவாயாகிப் பழியையும் ஏற்கிறான். ஒழுக்கம் பற்றிய தீர்ப்பு முழுவதும் இத்துணைவினையிலேயே தங்கியுள்ளது எனலாம்.

நம் பழைய நூல்கள் இவ்வகையில் நுட்பமானவை. நன்னூல் ‘ஆல்’ உருபுக்குக் கருவி, கருத்தா எனப் பொருள் கூறி, ‘ஏது’வை ஐந்தாம் வேற்றுமையில் வைக்கிறது. குறளின் மருந்து அதிகாரம் நோயின் தோற்றுவாயை ‘முதல்’ என்கிறது, குற்றவாளியைத் தேடுவதில்லை. சைவ சித்தாந்தம் குடத்திற்கு மண்ணை முதற்காரணம், திரிகையைத் துணைக்காரணம், குயவனை நிமித்தகாரணம் எனப் பிரிக்கும். இன்று அடைமொழிகள் உதிர்ந்து ‘காரணம்’ மட்டுமே எஞ்சிவிட்டதால், எல்லாக் காரணங்களுக்கும் ஒரு குயவனைத் தேடுகிறோம். சரகர் கூறும் பிரக்ஞாபராதத்தைப் பெயர்ப்பவர்க்கும் இவ்விடர் உண்டு. வடமொழியிலும் கன்னடத்திலும் குற்றத்தைக் குறிக்கும் ‘அபராதம்’ தமிழில் தண்டத்தொகையாகிவிட்டது. ‘அறிவின் பிழை’ என்பதே ஓரளவு பொருந்துகிறது.

ஆனால் அதே சரக சம்கிதை, விமானஸ்தானத்தின் மூன்றாம் அத்தியாயத்தில், நாடு முழுவதையும் அழிக்கும் நோய்க்குக் காற்று, நீர், நிலம், காலம் ஆகியவற்றின் கேட்டைக் கூறியபின், அவற்றிற்கும் அடியாக ஆள்வோரின் அறப்பிறழ்வைச் சுட்டுகிறது. மேல் சிலேசியாவில் பரவிய கொள்ளைக்காய்ச்சலை 1848இல் ஆராய்ந்த ருடால்ஃப் விர்ச்சோவும் அரசையே பொறுப்பாக்கினார். 1898இல் பெங்களூரில் பிளேக் பரவியது. அவ்வாண்டில்தான் சிமோன் கராச்சியில் தெள்ளுப்பூச்சியின் பங்கைக் கண்டறிந்தார். ‘தெள்ளுப்பூச்சியால் பரவியது’, ‘நெரிசலால் பரவியது’, ‘அம்மன் சீற்றத்தால் பரவியது’ என மூன்றும் கூறலாம். இன்றும் இந்நகரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் உள்ளன. நெரிசல் குறைக்க எழுந்த புதிய குடியிருப்புகளும் உள்ளன. ‘ஆல்’ இம்மூன்றையும் ஏற்கும்.

இந்த நெகிழ்ச்சியை மொழிபெயர்ப்பாளர் எப்போதும் நற்பண்பாகக் கொள்ளலாகாது. தாய்க்கு இரங்கும் அதே ‘ஆல்’, சாக்கடையைத் தூர்வாராதவர்க்கும் இரங்கிவிடுகிறது. ‘கழிவுநீரால் வாந்திபேதி பரவியது’ என்னும் தொடரில் எவரும் எதையும் செய்யாதிருக்கவில்லை. மூலத்தில் வினைமுதல் வெளிப்படையாக இருப்பின், அதனை ‘ஆல்’ உருபுக்குள் மறைத்தல் பிழையே. விர்ச்சோவை அவ்வாறு பெயர்த்தால் அவர் வெறும் பூச்சியியலாளராக எஞ்சுவார்.

நேர்காணல் படிவத்தில் ‘எதனால் வந்தது?’ என்பதை முதலில் வைத்து, ‘ஏன் அப்போது வந்தது?’ என்பதை அடுத்து வைக்கலாம். ‘யாரால்?’ என்பதைச் சேர்ப்பதில் தயக்கம் உண்டு. கண் பட்டது என்றவரிடம் அதனைக் கேட்டால், அடுத்த வீட்டாரின் பெயர் படிவத்தில் ஏறிவிடும்.