கார் ஷெட்டுக்கும் கொஞ்சம் வெளிச்சம்!

கூடத்துக்கு அலங்கார விளக்கு, பூஜை அறைக்குத் தனி விளக்கு என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். கார் ஷெட்டுக்கு? நடுவில் ஒரு பல்பு, அதோடு சரி! இத்தனைக்கும் வாஷிங் மிஷின், கிரைண்டர், குழந்தையின் சைக்கிள் எல்லாம் அங்கேதான் குடித்தனம்.

நடுவில் தொங்கும் பல்பு காரின் கூரைக்குத்தான் வெளிச்சம் காட்டும். நாம் நடக்கும் ஓரமெல்லாம் நிழல். இரு பக்கச் சுவரிலும் ஒவ்வொரு 20 வாட்ஸ் எல்.இ.டி. டியூப் மாட்டுங்கள். வாசல் கேட் பக்கம் ஒன்று, வீட்டுக்குள் நுழையும் கதவுப் பக்கம் ஒன்று என்று டூ-வே ஸ்விட்ச் வைத்துவிட்டால், இடுப்பில் குழந்தையோடு இருட்டில் சுவரைத் தடவ வேண்டாம்.

பிளக் பாயிண்ட் விஷயத்தில்தான் சிக்கனம் கூடவே கூடாது. ஈரத் தரை, வெறுங்கால், எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மூன்றும் சேர்ந்தால் ஆபத்து. மிஷினுக்கும், பேட்டரி ஸ்கூட்டர் இருந்தால் அதற்கும், தனித்தனி 15 ஆம்பியர் பாயிண்ட், எர்த் கம்பியோடு. தரையிலிருந்து 4 அடி உயரத்தில் இருக்கட்டும். தேங்கும் மழைத் தண்ணீரும் தவழும் பிள்ளையும் எட்டாது. துளைகளுக்கு ஷட்டர் உள்ள சாக்கெட்டாகக் கேட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.! கரண்ட் கசிந்து உடம்பு வழியாக மண்ணுக்குப் போனால், கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். ஃப்யூஸுக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே ஆளைக் கொல்லப் போதும். ஃப்யூஸ் அதற்கு அசையவே அசையாது. மாதம் ஒரு தடவை அதிலுள்ள 'டி' பட்டனை அமுக்கிப் பாருங்கள். கரண்ட் நிற்கவில்லையா? அன்றைக்கே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிட வேண்டியதுதான்.