மரக்காணத்துக்கு ரயில் வருமா? ஆயிரம் ரூபாயில் உயிரோடு இருந்த ஒரு திட்டம்

சென்னை – புதுச்சேரி ஈசிஆரில் போனவர்களுக்கு மரக்காணம் உப்பளங்கள் தெரியும். சாலையோரம் வெள்ளை வெளேர்னு உப்புக் குவியல்கள், அதை ஏற்ற வரிசையாக லாரிகள். ஆனால், இந்த ஊரில் ரயில் நிலையம் கிடையாது. ரயிலைப் பிடிக்க சுமார் 35 கி.மீ. தள்ளியிருக்கும் திண்டிவனத்துக்குத்தான் போகணும்.

ஏன் பாதை இல்லை?

ஆங்கிலேயர் காலத்தில் போட்ட சென்னை – விழுப்புரம் பாதை, செங்கல்பட்டு, திண்டிவனம் என உள்நாட்டு வழியாகவே போகிறது. புதுச்சேரிக்குக்கூட விழுப்புரத்தில் இருந்துதான் கிளைப் பாதை. நடுவில் உள்ள கடற்கரை ஊர்கள் அப்படியே விடுபட்டுவிட்டன.

திட்டமே இல்லையா?

இருக்கு. சென்னையில் இருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்கு சுமார் 180 கி.மீ. புதிய பாதை. பேச்சு தொடங்கி 15 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. தண்டவாளம்தான் வரவில்லை. 2020-21 பட்ஜெட்டில் இதற்குக் கிடைத்தது வெறும் 1,000 ரூபாய்!

ஆயிரம் ரூபாயில் என்ன செய்ய முடியும்?

ஒன்றும் முடியாது. அது ‘பெயரளவு ஒதுக்கீடு’. திட்டம் கைவிடப்படவில்லை, பட்டியலில் இருக்கிறது என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். நிலம் கையகப்படுத்தவே பெரும் தொகை வேண்டும்.

உப்புக்கும் ரயிலுக்கும் என்ன தொடர்பு?

உப்பு எடை அதிகம், விலை குறைவு. அதனால் போக்குவரத்துச் செலவு லாபத்தைத் தின்றுவிடும். ஒரு சரக்கு வேகனில் சுமார் 60 டன் ஏற்றலாம். தொலைதூரத்துக்கு லாரியைவிட ரயில் கட்டுப்படியாகும்.

இதற்கு முன்னுதாரணம் உண்டா?

உண்டு. 1930-ல் ராஜாஜி தலைமையில் உப்பு சத்தியாகிரகம் நடந்த வேதாரண்யம் பக்கத்து அகஸ்தியம்பள்ளி. திருத்துறைப்பூண்டியில் இருந்து அங்கு போகும் 37 கி.மீ. மீட்டர்கேஜ் பாதையில் பல ஆண்டுகள் ரயிலே ஓடவில்லை. சுமார் 294 கோடி ரூபாயில் அகலப்பாதையாக மாற்றி, 2023 ஏப்ரல் 8-ல் மீண்டும் திறந்தார்கள். உப்பு ஏற்றுமதிக்கு உதவும் என்பது அப்போது சொன்ன முக்கியக் காரணம்.

ஒரு வித்தியாசம்: அகஸ்தியம்பள்ளியில் பழைய பாதை இருந்தது, மரக்காணத்தில் எல்லாமே புதிதாக வரணும். அதனால், அடுத்த பட்ஜெட்டில் திட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. பக்கத்தில் உள்ள தொகையையும் பாருங்க. அதுதான் உண்மையைச் சொல்லும்.