வைக்கோல் கட்டும் இயந்திரம்: எண்ணெய்க் கசிவைக் கையால் தேடாதீர்கள்



சம்பா அறுவடை முடிந்ததும் வயலில் கிடக்கிற வைக்கோலை இப்போது பேலர் இயந்திரம் உருளை உருளையாகக் கட்டிப் போட்டுவிடுகிறது. ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. சந்தோஷம்தான். ஆனால், அந்த இயந்திரத்தின் கனமான பின்கதவைத் தூக்குவது குழாயில் ஓடும் எண்ணெய். அதன் பலத்தை நம்மில் பலர் சரியாக எடை போடுவதில்லை.

சைக்கிள் டயரில் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 3, 4 கிலோ இருக்கும். டிராக்டரிலிருந்து பேலருக்குப் போகும் ஹைட்ராலிக் குழாயிலோ 150 கிலோவுக்கு மேலும் போகலாம். அந்தக் குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால், எண்ணெய் சொட்டாது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மெல்லிய கம்பி மாதிரிப் பீய்ச்சும். அங்கே விரலை வைத்துத் தடவினால், தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். கையுறை போட்டிருந்தாலும் தடுக்காது.

அப்படியானால் கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது என்கிறீர்களா? சொல்கிறேன். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். ஒரு தடித்த அட்டையை நீளக் குச்சியில் கட்டிக்கொண்டு, குழாய் நெடுகிலும் காட்டிக்கொண்டே போங்கள். எங்கே கசிகிறதோ அங்கே அட்டை நனைந்துவிடும்.

இடம் தெரிந்ததும் ஸ்பேனரைத் தூக்காதீர்கள். முதலில் பின்கதவைத் தரைமட்டம் வரை இறக்குங்கள். என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஹைட்ராலிக் லிவரை முன்னும் பின்னும் நாலைந்து தடவை அசையுங்கள். குழாயில் அடைபட்டு நிற்கும் அழுத்தம் அப்போதுதான் இறங்கும். அதன் பிறகே நட்டைத் தொடலாம். வெடித்த குழாயில் ரப்பர் டியூபைச் சுற்றிக் கட்டி ஒப்பேற்றுவது கூடவே கூடாது. அதே அழுத்தம் தாங்கும் புதுக் குழாயையே மாட்டுங்கள்.

கதவைத் தூக்கி வைத்து உள்ளே வேலை பார்க்க வேண்டுமா? கதவுக்குரிய பூட்டைப் போட்ட பிறகே அடியில் போக வேண்டும். எண்ணெயை மட்டும் நம்பித் தலையைக் கொடுக்காதீர்கள்.

பழுது பார்த்து முடிந்ததும் சோதனை. எண்ணெய் அளவைப் பாருங்கள். பின்னால் யாரும், முக்கியமாகக் குழந்தைகள், நிற்கக் கூடாது. வைக்கோல் போடாமல், என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, கதவை ஐந்தாறு முறை ஏற்றி இறக்குங்கள். கதவு விட்டு விட்டு உதறினால் குழாயில் காற்று இருக்கலாம். தூக்கி நிறுத்திய கதவு தானாகக் கீழே இறங்கினால், சிலிண்டர் சீலோ வால்வோ தேய்ந்திருக்கும், மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வேகம் வேண்டும் என்று அழுத்த வால்வைத் திருகி முறுக்கிவிடாதீர்கள். அது குழாயைக் காப்பதற்காக வைத்தது.

இன்னொன்றை வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். எண்ணெய் பீய்ச்சித் தோலுக்குள் போனால், முதலில் முள் குத்தின மாதிரிதான் இருக்கும். வலிகூட அதிகம் தெரியாது. "இது என்ன பெரிய காயம்" என்று இருந்துவிட்டால், சில மணி நேரத்தில் கை வீங்கி, உள்சதை அழுகி, விரலையே எடுக்கும்படி ஆகலாம். மஞ்சள் வைக்காதீர்கள், பிதுக்காதீர்கள். 108ஐக் கூப்பிட்டு, அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். "அழுத்தத்தில் ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே போயிருக்கிறது" என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். வெறும் குத்துக் காயம் என்று சொன்னால் ஊசி போட்டு அனுப்பிவிடக் கூடும்.

ஒரு துண்டு அட்டைக்குச் செலவு ஒன்றும் இல்லை. அதை இன்றே டிராக்டர் பெட்டியில் போட்டு வையுங்கள்.