எண்ணெயை உண்ணும் நுண்ணுயிர்கள்

மண்ணில் சிந்திய எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாவை எங்கே வாங்கலாம் என்று மாணவர்கள் வினவுவதுண்டு. எங்கும் வாங்க வேண்டியதில்லை. அது மண்ணிலேயே இருக்கிறது.

பெட்ரோலியம் பெரும்பாலும் கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள். கடலடிப் பாறை வெடிப்புகளின் வழியே அது நெடுங்காலமாக இயற்கையாகவே கசிந்து வருகிறது. ஆதலின், அதனை உணவாகக் கொள்ளும் பாக்டீரியங்கள் கடலிலும் மண்ணிலும் தோன்றி நிலைத்துவிட்டன. அவை பிராணவாயுவின் துணையால் எண்ணெயைச் சிதைத்துக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றுகின்றன. அவ்வாறாயின் எண்ணெய் ஏன் ஆண்டுக்கணக்கில் அழியாமல் கிடக்கிறது?

இதற்கு அலாஸ்கா நல்ல விடை தந்தது. 1989 மார்ச் 24 அன்று 'எக்ஸான் வால்டெஸ்' என்னும் கப்பல் அங்கே கடற்பாறையில் மோதிற்று. ஏறக்குறைய 37,000 டன் கச்சா எண்ணெய் கொட்டிக் கரையோரக் கற்களில் கரும்பூச்சாகப் படிந்தது. பாக்டீரியங்களுக்கு உணவு மலைபோல் குவிந்திருந்தும் வேலை மெதுவாகவே நடந்தது. எண்ணெயில் கரி மிகுதி. உடல் வளர்ச்சிக்கு வேண்டிய நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகக் குறைவு. நம் தோட்டங்களில் செம்பனைக்கு இடுகிறோமே, அந்தச் சத்துகள்தாம்! அலை அடித்துச் செல்லாதபடி எண்ணெயோடு ஒட்டிக்கொள்ளும் உரமொன்றை அறிஞர்கள் தெளித்துப் பார்த்தனர். இரண்டொரு வாரங்களில் உரமிட்ட பாத்தியின் கற்கள் வெளுத்தன. பக்கத்துக் கற்கள் கறுத்தே கிடந்தன.

வங்காளத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்ரவர்த்தி என்னும் அறிஞர் எண்ணெய் தின்னும் பாக்டீரியம் ஒன்றை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார். அதற்குக் காப்புரிமை உண்டென அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980இல் தீர்ப்பளித்ததால் அது உலகப்புகழ் பெற்றது. ஆனால் அலாஸ்காவில் உழைத்தவை பெயர் பெறாத உள்ளூர்ப் பாக்டீரியங்களே.

எல்லா எண்ணெயையும் அவை தீர்த்துவிட்டன என்பது மிகை. 2001இல் ஆய்ந்த கரைப்பகுதிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் எண்ணெய் எஞ்சியிருந்தது. கற்களுக்கடியில் புதைந்த எண்ணெய்க்குக் காற்று எட்டவில்லை. இதனாற்றான் எண்ணெய் ஊறிய தொழிற்சாலை மண்ணைத் தோண்டிப் பரப்பி, உரம் கலந்து, ஈரம் காத்து, அடிக்கடி உழுதுவிடுகின்றனர். கழனி வேலை அறிந்தவருக்கு இது புதிதன்று. கனமான தார்ப்பொருள்கள் மட்டும் இந்த முறைக்கும் எளிதில் மசிவதில்லை.

ஈயத்தையும் பாதரசத்தையும் பாக்டீரியா தின்னாதா என்ற வினாவும் வகுப்பில் எழும். அவை தனிமங்கள்; எந்த உயிரும் அவற்றைச் சிதைத்து இல்லாமற் செய்ய முடியாது. பழைய மின்கலம் உடைத்த இடத்து மண்ணை அகற்றவோ, மக்கள் தொடாதபடி மூடி வைக்கவோதான் வேண்டும்.