ஒரு பொம்மைக்கு ஐயாயிரம் ரூபாவா?

கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்னர் எனது மச்சானின் மகன் கடைக்கு வந்தார். கட்டாரில் நான்கு வருடங்கள் உழைத்து, செலவு போக 18 இலட்சம் ரூபா சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பியிருப்பவர். காசு சும்மா வங்கியில் கிடக்கிறது, ஏதாவது வியாபாரம் தொடங்க வேண்டும் என்றார். என்ன வியாபாரம் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். அட்டையில் ஒட்டிய பிளாஸ்டிக் மூடிக்குள் ஒரு மனிதப் பொம்மை. உயரம் பத்து சென்ரிமீற்றர்கூட இல்லை. 'ஸ்டார் வோர்ஸ்' படத்தில் வரும் படைவீரனாம்.

"விலை என்ன மகன்?"

"வெளியில 17 டொலர் மாமா."

டொலர் 300 ரூபா என்று பார்த்தாலும் ஐயாயிரத்து நூறு ரூபா. கப்பல் கூலி, தீர்வை எல்லாம் அதற்கு மேல். வெறும் பிளாஸ்டிக்கை அந்த விலைக்கு எந்தப் பிள்ளைக்கு யார் வாங்கிக் கொடுப்பார் என்று கேட்டேன்.

"இது சின்னப் புள்ளயள் வெளயாடுற சாமான் இல்ல மாமா. பெரிய ஆக்கள் சேர்க்குற சாமான். வருசா வருசம் வெல ஏறுது. இப்ப வாங்கிப் போட்டா லாபம்தான்."

வாங்கிப் போட்டால் இலாபம் என்ற இந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பழைய காயம் ஒன்று நினைவுக்கு வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்தப் பொம்மைக்கு ஏன் இந்த விலை என்பதைப் பார்ப்போம். விளையாட்டுச் சாமான் மட்டுமல்ல, கார்ட்டூன் படம் போட்ட பாடசாலைப் பை, தண்ணீர்ப் போத்தல் விற்கும் சகோதரர்களுக்கும் இந்தக் கணக்கு உதவும். உருவப் பொம்மை விற்பது பற்றிய மார்க்கக் கேள்வியை உலமாக்களிடம் விட்டுவிடுகிறேன். நான் எழுதுவது கணக்கு மட்டுமே.

ஆண் பிள்ளைகள் பொம்மை வைத்து விளையாட மாட்டார்கள் என்ற எண்ணம் அமெரிக்காவிலும் இருந்தது. 1964 இல் ஹஸ்ப்ரோ நிறுவனம் 'ஜி.ஐ.ஜோ' என்ற படைவீரனைச் சந்தைக்கு விட்டபோது, அதைப் பொம்மை என்று சொல்லாமல் 'அக்ஷன் ஃபிகர்' என்று பெயர் சூட்டியது. பெயர் மாறியது, சாமான் விற்றது. அதன் பின் 1977 மே மாதம் ஸ்டார் வோர்ஸ் படம் வெளியானது. படத்தின் பொம்மைகளைச் செய்யும் உரிமையைப் பெற்றிருந்த கென்னர் நிறுவனத்தால் அந்த ஆண்டு நத்தாருக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்க இயலவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? பொம்மையே இல்லாத ஓர் அட்டைப் பொதியைக் கடைகளில் விற்றார்கள். உள்ளே ஒரு சான்றிதழ் இருந்தது. அதைத் தபாலில் அனுப்பினால் 1978 இன் தொடக்கத்தில் நான்கு பொம்மைகள் வீட்டுக்கு வரும். சனம் வாங்கியது! சாமான் இல்லாமல் காசு வாங்கிய இந்த வியாபாரத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும். பின்னரும் இது வரும்.

1978 இல் அந்தச் சிறிய பொம்மை ஒன்று இரண்டு டொலர் அளவில் விற்றது. பணவீக்கத்தைக் கணக்கிட்டால் அன்றைய இரண்டு டொலர் 2024 இல் ஏறத்தாழ ஒன்பதரை டொலருக்குச் சமம். ஆனால் அதே அளவுப் பொம்மை 17 டொலருக்கு விற்கிறது. ஆகவே காசின் பெறுமதி குறைந்ததால்தான் விலை ஏறியது என்ற விளக்கம் பாதித் தூரம்தான் செல்கிறது. மற்றப் பாதி எங்கே போனது?

மருமகன் கொண்டுவந்த பொம்மையைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு கைப்பிடி பருப்பின் நிறைகூட இல்லை. மூலப்பொருள் சில ரூபாய்க்கு மேல் போகாது. விலை வேறு இடத்தில் இருக்கிறது.

முதலாவது, பெயருக்குக் கொடுக்கும் காசு. ஸ்டார் வோர்ஸ் படத்தை எடுத்த ஜோர்ஜ் லூகஸ், படத்தின் பெயரில் சாமான் விற்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். பொம்மை செய்பவர் விற்கும் ஒவ்வொன்றுக்கும் அவருக்கு ரோயல்டி கட்ட வேண்டும். இதில் இன்னொரு பொறியும் உண்டு. குறைந்தபட்சம் இவ்வளவு தருவேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். எமது ஊர்களில் தென்னந்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுப்பது போலத்தான். காய் விழுந்தாலும் விழாவிட்டாலும் குத்தகைக் காசு கொடுத்தே ஆகவேண்டும். 1999 இல் புதிய ஸ்டார் வோர்ஸ் படம் வந்தபோது, கென்னரை ஏற்கனவே வாங்கியிருந்த ஹஸ்ப்ரோ அளவுக்கு மீறிப் பொம்மைகளைச் செய்து கடைகளில் குவித்தது. பெருந்தொகை விற்காமல் தேங்கியது. 2003 ஜனவரியில் ஒப்பந்தத்தைத் திருத்தி 2018 வரை நீடித்தார்கள். அப்போதும் ஹஸ்ப்ரோ உத்தரவாதம் கொடுத்திருந்த குறைந்தபட்ச ரோயல்டி 500 மில்லியன் டொலருக்கு மேல். பிறகு டிஸ்னி நிறுவனம் 2009 இல் மார்வெல்லை வாங்கியது, 2012 இல் லூகஸின் நிறுவனத்தையும் வாங்கியது. இரண்டுக்கும் தலா 4 பில்லியன் டொலர் அளவில் போனது. இவ்வளவு கொட்டியவர் பெயரை மலிவாக வாடகைக்கு விடுவாரா?

விதிவிலக்கும் இருந்திருக்கிறது. 1993 இல் டோய் பிஸ் என்ற பொம்மை நிறுவனம் தனது பங்குகளில் 46 வீதத்தை மார்வெல்லுக்குக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ரோயல்டியே கட்டாமல் மார்வெல் கதாபாத்திரங்களைப் பொம்மையாக்கும் உரிமையைப் பெற்றது. மார்வெல் வங்குரோத்து நிலைக்குப் போனபோது கடைசியில் அதைக் கையில் எடுத்ததும் அந்தப் பொம்மைக்காரர்தான். பெயரைத் தானே வைத்திருப்பவனுக்கும் வாடகைக்கு எடுப்பவனுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவு.

இரண்டாவது, அச்சு. புதிய பொம்மை ஒவ்வொன்றுக்கும் உருக்கில் அச்சு வெட்ட வேண்டும். கை, கால், தலை என்று துண்டு துண்டாக, மூட்டுகள் அசையும்படி. ஒரு பொம்மையின் அச்சுக்கு 60,000 டொலர் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து இலட்சம் பொம்மை வார்த்தால் ஒன்றுக்கு ஆறு சதம். இருபதாயிரம் மட்டும் வார்த்தால் ஒன்றுக்கு மூன்று டொலர். அச்சு அதே அச்சுதான், வேலையும் அதே வேலைதான். விலையேற்றத்தின் மர்மம் என் பார்வையில் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பிள்ளைகள் கைத்தொலைபேசிக்கும் வீடியோ கேமுக்கும் போய்விட்டார்கள். பெரிய பொம்மைக் கடைத் தொடரான டோய்ஸ் ஆர் அஸ் 2017 செப்டெம்பரில் வங்குரோத்துக்கு விண்ணப்பித்து, 2018 இல் அமெரிக்கக் கடைகளை மூடியது. கோடிக்கணக்கில் விற்ற சாமான் ஆயிரக்கணக்கில் விற்கத் தொடங்கினால், மிஞ்சியிருக்கும் வாடிக்கையாளன்தான் அச்சுச் செலவைச் சுமக்க வேண்டும். அப்படி மிஞ்சியவர் சிறுவயதில் அந்தப் படத்தைப் பார்த்த, இன்று உத்தியோகம் பார்க்கும் பெரியவர். அவர் விலையை விடத் தரத்தைப் பார்க்கிறார். முகம் நடிகரின் முகம் போலவே இருக்க வேண்டும், மூட்டு மூட்டாக வளைய வேண்டும் என்கிறார். செலவு இன்னும் ஏறுகிறது. ஹஸ்ப்ரோவின் ஆறு அங்குல 'பிளக் சீரிஸ்' பொம்மை 2013 இல் 20 டொலருக்கு வந்தது. 2022 இல் 25 டொலரைத் தொட்டது.

கப்பல் கூலியும் வரியும் அனைவரும் அறிந்த கதை. 2021 இல் சீனாவிலிருந்து அமெரிக்கா செல்லும் கொன்டெய்னருக்குப் பத்தாயிரம் டொலருக்கு மேல் கேட்டார்கள். 2025 ஏப்ரலில் சீனப் பொருட்கள் மீதான அமெரிக்காவின் புதிய வரி 145 வீதம் வரை போய், மே மாதம் 30 வீதமாக இறங்கியது. எமக்கு 2022 இல் விழுந்த அடி வேறு. மார்ச் தொடக்கத்தில் 203 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தாண்டியது. 25 டொலர் பொம்மை ஐயாயிரத்திலிருந்து ஒன்பதாயிரமானது, அங்கே விலை ஒரு சதமும் ஏறாமலேயே.

இவை எல்லாவற்றையும் மருமகனிடம் சொன்னேன். "அப்ப விலை இறங்கப் போறதில்லைதானே மாமா, அதனாலதான் இப்பவே வாங்கிப் போடச் சொல்றன்" என்றார். இளரத்தம்.

விலை ஏறுகிறது என்பதும் சாமான் விற்கும் என்பதும் ஒன்றல்ல. 2007 மே மாதம் ஸ்பைடர்மேன் மூன்றாவது படம் வந்தது. அதற்கு முன்பே வெளிநாட்டு முகவர் ஒருவர் என்னிடம் 40 கார்ட்டன் பொம்மைகளைத் தள்ளிவிட்டார். கார்ட்டனுக்கு 24, மொத்தம் 960. கடைக்கு வந்து சேரும்போது ஒன்று 800 ரூபா, 1,100 க்கு விற்கலாம் என்பது கணக்கு. சாமான் வந்து இறங்கும்போது படம் வந்து இரண்டு மாதம். பெருநாளுக்கு விற்கும் என்று காத்திருந்தேன். அந்த ஆண்டு நோன்புப் பெருநாள் ஒக்டோபரில். அதற்குள் பிள்ளைகள் வேறொன்றைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். 312 தான் விற்றது. மிகுதி 648 ஐயும் 450 ரூபாப்படி அள்ளிக் கொடுத்தேன். நட்டம் 133,200 ரூபா. களஞ்சிய வாடகையை நான் கணக்கில் சேர்க்கவில்லை, சேர்க்க மனம் வரவில்லை.

நான் சிறிய வியாபாரி. பெரியவர்களும் விழுகிறார்கள். பெரிய தலைப் பொம்மைகளுக்குப் பெயர்போன ஃபங்கோ நிறுவனத்திடம் 2022 இறுதியில் 246 மில்லியன் டொலர் பெறுமதியான ஸ்டொக் இருந்தது. முந்தைய ஆண்டை விட ஏறத்தாழ அரைவாசி கூடுதல். 2023 மார்ச்சில் அவர்கள் என்ன அறிவித்தார்கள்? 30 முதல் 36 மில்லியன் டொலர் வரையான சாமானை வீசி எறியப் போகிறோம் என்றார்கள். வைத்திருக்கும் செலவு சாமானின் பெறுமதியை விடக் கூடிவிட்டதாம். கழிவு விலைக்குக்கூடக் கொடுக்கவில்லை, குப்பைக்கு! அதே பொம்மைகளைத்தான் சிலர் முதலீடு என்று வீட்டில் அடுக்கி வைத்திருந்தார்கள்.

ஏலத்தில் பெருந்தொகைக்குப் போன பொம்மைகளும் உண்டு என்று மருமகன் தொலைபேசியில் காட்டினார். உண்மைதான். 2024 இல் அமெரிக்காவில் போபா ஃபெட் என்ற பழைய பொம்மை 525,000 டொலருக்கு விற்றது. ஆனால் அது கடைக்கே வராத மாதிரிப் பொம்மை. முதுகிலிருந்து பாயும் சிறு ஏவுகணை பிள்ளைகளின் தொண்டையில் சிக்கும் என்ற பயத்தில் கைவிடப்பட்டது, அதனால்தான் அந்த விலை. 2025 ஜூனில் பெய்ஜிங்கில் ஆள் உயர லபுபு பொம்மை பத்து இலட்சம் யுவானுக்கு மேல் போனது. அதே மாதம் கம்பனி கூடுதலாகச் சாமானை இறக்கியதும் சாதாரண லபுபுவின் மறுவிற்பனை விலை சரிந்தது. கம்பனி நினைத்தால் மீண்டும் வார்க்கக்கூடிய சாமானை அபூர்வம் என்று எப்படிச் சொல்வது?

இப்போது அந்த வெற்றுப் பொதிக்குத் திரும்புவோம். ஹஸ்ப்ரோ 2018 இல் பெரிய ஸ்டார் வோர்ஸ் கப்பல் ஒன்றை அறிவித்தது. விலை 499.99 டொலர். குறைந்தது 5,000 பேர் முன்பதிவு செய்தால்தான் செய்வோம் என்றார்கள். 8,810 பேர் பதிந்தார்கள், செய்தார்கள். 2021 இல் ரன்கோர் என்ற மிருகப் பொம்மையை 350 டொலருக்கு அறிவித்து 9,000 பேரைக் கேட்டார்கள். எண்ணிக்கை சேரவில்லை, திட்டத்தைக் கைவிட்டார்கள். ஒரு பெட்டிகூடத் தேங்கவில்லை. அச்சும் பெயரும் கையில் உள்ள கம்பனியே ஆள் சேர்ந்த பின்தான் பிளாஸ்டிக்கை உருக்குகிறது. 18 இலட்சம் ரூபா உள்ள நாம் எதை நம்பிக் களஞ்சியத்தை நிரப்புவது?

மருமகன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "அப்ப கொப்பிச் சாமான் கொண்டு வந்தா என்ன மாமா? அறுநூறு ரூபாவுக்குக் குடுக்கலாம்" என்றார். புறக்கோட்டையில் அது தாராளமாகக் கிடைக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் போலி வர்த்தகச் சின்னத்துக்கு அபராதமும் சிறையும் விதிக்க இடமுண்டு. அடுத்தவர் பெயரைத் திருடி விற்பது ஹலாலான சம்பாத்தியமா என்று அவரையே கேட்டேன். அத்துடன் அந்தச் சேர்ப்பவர்கள் பெட்டியின் மூலை மடிந்திருந்தாலே திருப்பித் தருபவர்கள். கொப்பியை ஒரு பார்வையில் பிடித்துவிடுவார்கள்.

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். முதலில் சேர்ப்பவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும். என்ன பொம்மை வேண்டும் என்று எழுதி, பாதிக் காசை முற்பணமாக வாங்கி, ரசீது கொடுக்க வேண்டும். டொலர் ஏறினால் மிகுதித் தொகையும் ஏறும் என்பதை ரசீதிலேயே எழுத வேண்டும். சாமான் பிந்தினால் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதில் பேச்சே இல்லை.

நேற்று மீண்டும் வந்தார். பதினொரு பேர் காசு கட்டியிருக்கிறார்கள். நான்கு பேர் வங்கி உத்தியோகத்தர்கள், ஒருவர் டொக்டர், மற்றவர்கள் கணினித் துறையில் வேலை செய்பவர்கள். பிள்ளைகள் ஒருவரும் இல்லை. முதல் ஓடருக்கு அவர் தன் கையிலிருந்து போட்டது ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபா. மிகுதி இன்னும் வங்கியில் இருக்கிறது.