வெட்கத்தை விலை பேசும் கிளப் அழைப்புகள்

சனிக்கிழமை சாயங்காலமானால் திண்டிவனம் சாலையில் தமிழ்நாட்டு வண்டிகள் கோரிமேடு எல்லையைக் கடந்து புதுச்சேரிக்குள் வந்துகொண்டே இருக்கும். பட்டானூர் தாண்டியதும் மது வாங்கும் வயதே மாறிவிடுகிறது: அந்தப் பக்கம் 21, இந்தப் பக்கம் 18. கூடவே, "பாண்டிச்சேரியில் எல்லாம் நடக்கும்" என்ற நினைப்பும் வண்டியில் ஏறிக்கொள்கிறது. அந்த நினைப்பை நம்பித்தான் ஒரு கூட்டம் பிழைக்கிறது. ஆண்கள் ஆடை களைந்து ஆடும் தனி பார்ட்டி, விஐபி பாஸ், முன்பணம் மட்டும் கட்டினால் இடம் உறுதி என்று செல்போனுக்கு ஓர் அழைப்பு வரும். இன்னொன்று, "ப்ளேபாய் வேலை, கை நிறையச் சம்பளம்" என்று இளைஞர்களை இழுக்கும்.

ஆடை களையும் நடனத்துக்கு உரிமம் தரும் ஏற்பாடு இந்தியாவில் எங்கும் கிடையாது. புதுச்சேரியின் ரெஸ்டோ பார்களுக்குக் கலால் துறை கொடுப்பது மது பரிமாறும் உரிமம் மட்டுமே. பிறருக்கு எரிச்சலூட்டும்படி பொது இடத்தில் ஆபாசமாக நடந்துகொண்டால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 296ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம். ஆகவே இங்கே அப்படியொரு நிகழ்ச்சிக்கு டிக்கெட் என்று யார் விற்றாலும், ஒன்று அது திருட்டுத்தனமாக நடப்பது, இல்லையேல் நடக்கவே நடக்காதது. இரண்டிலும் கட்டிய பணம் திரும்பாது.

முழுக்க உடுத்திய நடனத்துக்கே இந்த நாட்டில் எவ்வளவு நீண்ட வழக்கு நடந்தது என்பதை மகாராஷ்டிரா சொல்லும். 2005இல் அங்கே டான்ஸ் பார்களுக்குத் தடை வந்தது. உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 2013இல் உச்சநீதிமன்றமும் அந்த ரத்தை உறுதி செய்தது. 2016இல் அரசு கடும் நிபந்தனைகளோடு புதுச் சட்டம் கொண்டுவந்தது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அந்த நிபந்தனைகள் பலவற்றை நீக்கியது. அந்தத் தீர்ப்பில் நம் ஊருக்கும் பொருந்தும் ஒரு விஷயம் இருக்கிறது: ஆடுகிறவருக்கு டிப்ஸ் கொடுக்கலாம், ஆனால் பணத்தை அவர் மேல் வீசி இறைக்கக் கூடாது.

கோயில் திருவிழா ஆடல் பாடல் மேடைகளில் ஆடுகிறவரின் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். குத்துகிற கை எங்கே போகிறது என்பதையும் பார்த்திருக்கிறோம். கொடுப்பதைக் கையில் கொடுங்கள். ஆடுகிறவர் ஆணாக இருந்தாலும், அவர் அழைக்காமல் மேலே கை வைக்கக் கூடாது. சட்டம் இந்த இடத்தில் ஆண் கலைஞரைக் கைவிட்டிருக்கிறது என்றே நான் சொல்வேன். அதே தண்டனைச் சட்டத்தில் பாலியல் தொல்லைக்கான 75ஆம் பிரிவு பெண்ணுக்கு மட்டுமே பாதுகாப்பு தருகிறது. ஆணைச் சீண்டினால் தாக்குதல், காயம் என்ற பொதுப் பிரிவுகளில்தான் புகார் கொடுக்க வேண்டியிருக்கிறது. இது திருத்தப்பட வேண்டிய குறை.

வெளிநாடு போகிறவர்களுக்குக் கதை வேறு. ஆண்கள் ஆட, பெண்கள் பார்க்கும் கிளப்புகளை உலகறியச் செய்த சிப்பண்டேல்ஸ் 1979இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கியது. அதை நடத்திய சோமன் பானர்ஜி பம்பாயில் பிறந்தவர். அப்படிப்பட்ட இடங்களில் நுழைவுக் கட்டணம், குடிக்கும் பானம், டிப்ஸ் மூன்றும் தனித்தனிச் செலவு. போனை எடுத்துப் படம் பிடித்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். பாங்காக்கின் பட்பாங் தெருவில், "பார்ப்பதற்கு இலவசம்" என்று மாடிக்குக் கூட்டிப்போய் இறங்கும்போது பெருந்தொகை கேட்பது பல வருடமாக நடக்கும் ஏமாற்று வேலை. தெருவில் கூப்பிடுகிறவர் பின்னால் போகாதீர்கள். விலை அச்சிட்ட மெனுவைப் பார்த்த பிறகே உட்காருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் அப்போதே பணம் கொடுத்து ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மிரட்டினால் தாய்லாந்து சுற்றுலா காவல்துறையின் எண் 1155.

இதே பில் மோசடி உள்ளூரிலும் உண்டு. 2024 ஜூனில் டெல்லியில் சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரை, டேட்டிங் ஆப்பில் பழகிய பெண் ஒரு கபேக்கு அழைத்துப்போனார். கொஞ்ச நேரத்தில் ஏதோ அவசரம் என்று அவர் கிளம்பிவிட, இளைஞர் கையில் 1,20,000 ரூபாய்க்கு மேல் பில். மிரட்டி வாங்கிவிட்டார்கள். அவர் போலீசுக்குப் போனார். கபே உரிமையாளரும் அந்தப் பெண்ணும் கைதானார்கள். வெட்கப்பட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் அடுத்த வாரம் அதே மேசையில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார்.

பில்லில் உங்கள் உரிமை என்ன? கவர் சார்ஜ் வாங்கினால் அது சாப்பாட்டில் கழியுமா என்று வாசலிலேயே கேளுங்கள். துணையில்லாமல் வரும் ஆண்களிடம் ஸ்டாக் என்ட்ரி என்று கூடுதலாகக் கேட்கும் இடங்களில் அந்தத் தொகைக்கும் ரசீது கேளுங்கள். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநில வரிதான். மதுவின் மேல் ஜிஎஸ்டி போட்டிருந்தால் அது தவறு. சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னதை டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. நீக்கச் சொல்லுங்கள், மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். பணம் கட்டும்வரை கதவைச் சாத்தி உட்காரவைத்தால் அது சட்டவிரோத அடைப்பு, 127ஆம் பிரிவு, ஓராண்டு வரை சிறை. அந்த நேரத்தில் வாக்குவாதம் வேண்டாம், 112க்கு அழையுங்கள். வேறு வழியில்லாமல் கட்டினால் ரொக்கமாகத் தராமல் கார்டிலோ யுபிஐயிலோ கட்டுங்கள். அதுவே பின்னால் சாட்சி.

குடித்த அளவுக்குப் பொருந்தாமல் தலை சுற்றினாலோ, நினைவு தப்பினாலோ பானத்தில் ஏதோ கலந்திருக்கலாம். கோரிமேட்டிலேயே ஜிப்மர் இருக்கிறது. விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள், சிறுநீர்ச் சோதனை கேளுங்கள். சில மருந்துகள் சில மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போய்விடும். இப்படிக் கலந்து கொடுப்பது 123ஆம் பிரிவின்படி பத்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

"ப்ளேபாய் வேலை"க்கு வருவோம். 2023 கடைசியில் பீகாரின் நவாதாவில் எட்டு பேர் பிடிபட்டார்கள். குழந்தையில்லாத பெண்களைக் கர்ப்பமாக்கினால் 13 லட்சம் ரூபாய் என்று ஆசை காட்டி, பதிவுக் கட்டணமாக 799 ரூபாயும், பிறகு வைப்புத்தொகை என்று ஆயிரக்கணக்கிலும் வாங்கியவர்கள். வேலை தருகிறவர் வேலை கேட்பவரிடம் பணம் கேட்டாலே அது மோசடி. இதில் ஏமாந்தவர்கள் வெளியே சொல்வதில்லை, சொல்ல மாட்டார்கள் என்று தெரிந்தேதான் விளம்பரமும் இப்படி எழுதப்படுகிறது. பணம் போனது தெரிந்த உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, எதிராளியின் கணக்கில் பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு.

எனக்கு அதிகக் கவலை தருவது படத்தையும் பெயரையும் வைத்து நடக்கும் மிரட்டல். ஆணை நேசிக்கும் ஆண்களை ஆப் வழியாக வரவழைத்து, வீடியோ எடுத்து, "போலீஸ் கேஸ் ஆகும்" என்று பணம் பறிக்கிறார்கள். அப்படி ஒரு கேஸ் ஆகாது. மனமொத்த வயதுவந்தோரின் உறவு குற்றமில்லை என்று உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்துவிட்டது. முன்பு அதைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவே புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை. மாறாக, மிரட்டிப் பணம் பறிப்பவருக்குத்தான் 308ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை சிறை. சம்மதமின்றி அந்தரங்கப் படம் எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் குற்றம். இந்தப் பிரிவு ஆண், பெண் என்று பார்ப்பதில்லை. முதல் தொகையைக் கொடுத்தவரிடம் இரண்டாவது கேட்பார்கள், எனவே கொடுக்காதீர்கள். உரையாடலை அழிக்காதீர்கள், எண்ணும் யுபிஐ ஐடியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள்.

எல்லையோர ஊரில் இன்னொரு தொல்லை உண்டு. சம்பவம் புதுச்சேரியில், வீடு விழுப்புரத்தில் என்றால் "எங்கள் லிமிட் இல்லை" என்று அலைக்கழிப்பு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னணு வழியாகக் கொடுத்தால் மூன்று நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். வக்கீல் செலவுக்கு வழியில்லாதவர்கள் 15100இல் சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே அது கிடைக்கும். பில் தகராறு மட்டும் என்றால் நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.