கட்டம் போட்டால் குட்டு வெளிப்படும்!

பள்ளி ஆண்டு விழாவுக்கு மறுநாள். வாசலில் ஐஸ் வாங்கிச் சாப்பிட்ட 20 பேரில் 8 பேருக்கு வயிற்றுவலி! ஐஸ் வண்டிக்காரரோடு சண்டைக்குப் போகலாமா?

பொறுங்கள் குட்டீஸ்! ஒரு தாளில் நாலு கட்டம் போடுங்கள். மேல் வரிசையில் ஐஸ் சாப்பிட்டவர்கள்: வலி வந்தவர் 8, வராதவர் 12. கீழ் வரிசையில் சாப்பிடாதவர்கள். அவர்களும் 20 பேர். அங்கேயும் வலி வந்தவர் 8, வராதவர் 12 என்றால்? வலிக்குக் காரணம் வேறு ஏதோ! கீழ் வரிசையை எண்ணாமல் விட்டிருந்தால், பாவம் ஐஸ்காரர்!

இது கற்பனைக் கணக்கு. நிஜக் கணக்கு ஒன்று நம் திருவள்ளூர் பக்கத்திலேயே நடந்திருக்கிறது.

தேர்வாய் கண்டிகை என்றால் சிப்காட் தொழிற்பூங்காவும், 2020-ல் திறந்த நீர்த்தேக்கமும் நினைவுக்கு வரும். அந்த ஊர் உள்ள திருவள்ளூர் மாவட்டம், 1997-க்கு முன் செங்கல்பட்டு மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. அந்தப் பழைய மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றிய ஊர்களில், 1968-ல் ஒரு பெரிய சோதனை தொடங்கியது.

உங்கள் இடது தோளில் சின்னத் தழும்பு இருக்கிறதா? அது காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி போட்ட இடம். இந்த ஊசி பிரிட்டனில் நல்ல பலன் தந்தது. அமெரிக்காவில் அவ்வளவாக இல்லை. நம் ஊரில் எப்படி?

2,81,161 பேருக்கு ஊசி போட்டார்கள். சிலருக்கு அதிக அளவு மருந்து, சிலருக்குக் குறைந்த அளவு, சிலருக்கு மருந்தே இல்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது! பிறகு இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை ஊர் ஊராகப் போய், 15 ஆண்டுகள் நோயாளிகளைத் தேடினார்கள். என்ன பொறுமை!

முன்பே கிருமி நுழைந்தவர்களைச் சேர்த்தால் கணக்குக் குழம்பும் அல்லவா? அவர்களை ஒதுக்கியபின் மிஞ்சியவர்கள் 1,09,873 பேர். வரிசைக்குச் சுமார் 36 ஆயிரம் பேர். நுரையீரல் காசநோய் வந்தவர்கள் இதோ:

அதிக அளவு மருந்து – 189
குறைந்த அளவு மருந்து – 191
வெற்று ஊசி – 180

முதல் வரிசையை மட்டும் பாருங்கள். ஆயிரத்துக்கு ஐந்து பேருக்குத்தான் நோய். 'ஆஹா, ஊசியின் மகிமை!' என்று கொண்டாடியிருப்போம். கடைசி வரிசைதான் குட்டை உடைத்தது. மருந்தே போடாதவர்களும் அதே அளவுதான் தப்பியிருக்கிறார்கள்! சிறுவர்களிடம் மட்டும் கொஞ்சம் பலன் தெரிந்தது. அதுவும் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை.

அப்படியானால் தோள் தழும்பு வீணா? இல்லை, இல்லை! மேலே பார்த்தது நுரையீரல் காசநோய்க்கான கட்டம். கைக்குழந்தைகளின் மூளையுறையைத் தாக்கும் கொடிய காசநோய்க்குத் தனிக் கட்டம் போட வேண்டும். பல நாடுகளில் போட்டுப் பார்த்துவிட்டார்கள். அதில் ஊசிக்கே வெற்றி! அதனால்தான் உங்கள் வீட்டுத் தம்பிப் பாப்பா பிறந்தவுடன் தோளில் ஊசி போட்டார்கள்.